பானையடி மாத்திரை

"ஏங்க, பால் கருகுதா பாருங்க" என்றாள் நீலாவதி.

வீட்டில் அன்று பால் வாங்கவே இல்லை. கரி அடுப்பில் இருந்தது எண்ணெய்ச் சட்டி. அதில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது. நீலாவதியின் வலது கையில் சாரணிக் கரண்டி, இடது இடுப்பில் குழந்தை கல்யாணி. மாவு பிசைந்துகொண்டிருந்த ஏழுமலை தாம்பாளத்தைத் தள்ளிவிட்டு எழுந்தான். குழந்தையைப் பிடுங்கி மூலையில் கிடந்த துணிமூட்டையின் மேல் போட்டான். மனைவியின் தோள்களைப் பற்றி அடுப்பை விட்டுத் தூரமாகத் தள்ளிக்கொண்டு போனான். சாரணி விழுந்தது. சூடான எண்ணெய் தன் புறங்கையில் தெறித்ததை அவன் அப்புறம்தான் கவனித்தான்.

அவள் விழுவதற்குள் தரையில் சாய்த்துவிட முடிந்தது. கண் ஒரு பக்கமாகச் சொருகிற்று. விரல்கள் முந்தானையைப் பிசைந்தன. பிறகு உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டு, அது ஓயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். துணிமூட்டையின் மேல் குழந்தை வீறிட்டது. சட்டியில் முறுக்கு கரியாகிக்கொண்டிருந்தது.

நீலாவதிக்கு வலிப்பு வரும் முன்னால் பால் கருகும் வாசனை வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆரணிப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது, பெற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அவளே இதை அவனிடம் சொல்லிவிட்டாள். அந்தத் தைரியம் ஏழுமலைக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் செய்து கல்கத்தாவுக்கு அழைத்து வந்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் காட்டினான். அவர் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று ஒரு வெள்ளை மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அதோடு அந்த வாசனை நின்றது. மூன்று வருஷம் வரவே இல்லை. அதற்குள் லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடிக் கடைக்கும் வாழையிலைக்காரருக்கும் நடுவே ஓர் இடுக்கில் முறுக்குக் கடை போட்டார்கள். கல்யாணி பிறந்தாள். தனக்கு ஒரு வியாதி இருப்பதே நீலாவதிக்கு மறந்துபோகத் தொடங்கியிருந்தது.

ஏழுமலைக்கு எதுவும் மறக்காது. பூட்டிய பூட்டைத் தெருக்கோடியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் அவன். போன வருஷம் ஒரு பந்த்தின்போது மாத்திரை தீரப்போய், அடைத்துக் கிடந்த மருந்துக் கடைகளின் கதவையெல்லாம் தட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். கடைசியில் எங்கோ ஒரு மாத்திரைப் பட்டை கிடைத்தது. நீலாவதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. இனி இந்தப் பாடு ஆகாது என்று மொத்த வியாபாரி ஒருவரிடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் வாங்குகிற பெரிய புட்டியாகவே வாங்கி வைத்துக்கொண்டான்.

பிறகு சித்திரை வந்தது. டாலிகஞ்சில் அவர்கள் இருந்தது தரைத்தள அறை. ஒரே ஜன்னல். அதற்கு வெளியே பாதாள ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நாள் முழுக்க அடுப்பெரிகிற அந்த அறையில் சுவரைத் தொட்டால்கூடச் சுட்டது. ஒருநாள் அலமாரியிலிருந்து மாத்திரைப் புட்டியை எடுத்தவனுக்குப் பகீரென்றது. புட்டி வெதுவெதுவென்றிருந்தது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று அதன் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்த அளவு இங்கிலீஷ் அவனுக்கு வரும்.

குளிர்ந்த இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. மூலையில் மணல் பரப்பி, அதன்மேல் மண்பானை வைத்து, காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். ஆரணியில் எல்லார் வீட்டிலும் கோடைக்கு அப்படித்தான். மணல்கூடப் பாதாள ரயில் வேலைக்குக் கொட்டி வைத்திருந்ததில் இரண்டு வாளி. கண்ணாடி சூட்டை வாங்கும், மண் வாங்காது என்று யோசித்து, ஏழுமலை மாத்திரைகளை ஒரு சின்ன மண் கலயத்தில் கொட்டி, வாயைத் துணியால் கட்டி, பானையை ஒட்டி மணலில் கழுத்துவரை புதைத்தான். கையை வைத்துப் பார்த்தால் ஜில்லென்றிருந்தது. அன்று அவன் நன்றாகத் தூங்கினான்.

உலர்ந்த இடம் என்பதை அவன் மறந்துவிடவில்லை. ஈரத்தோடு மல்லுக்கட்டியே பிழைக்கிற தொழில் அவனுடையது. கல்கத்தா மழையில் உப்பு தண்ணீராகும், தீக்குச்சி பற்றாது, முறுக்கு ஒரு ராத்திரியில் நமுத்துப்போகும். டின் மூடியில் மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டித்தான் சரக்கைக் காப்பாற்றுவான். கட்டைவிரலால் அழுத்தினால் போதும், எந்த முறுக்கில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். மாத்திரையையும் அப்படியே வாரத்துக்கொரு தரம் எடுத்து அழுத்திப் பார்த்தான். நமுக்கவில்லை. நாளாக நாளாக இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அந்த மாதத்தில்தான், இல்லாத பால் கருகியது.

டாக்டர் எல்லாம் கேட்டார். மாத்திரையை விட்டுவிட்டு விட்டுவிட்டுச் சாப்பிடுகிறாளா, மாத்திரை ஈரம் பட்டுப்போயிற்றா, உதிர்கிறதா என்று கேட்டார். கல் மாதிரி இருக்கிறது சார் என்றான் ஏழுமலை. அவர் தலையாட்டிவிட்டு இரண்டு இரண்டாகக் கொடுக்கச் சொன்னார். அதற்கும் கேட்கவில்லை. மூன்று மூன்றாக்கினார். சில பேருக்கு வியாதி மருந்தை மீறி வளர்ந்துவிடும் என்றும், தலைக்குள் என்ன இருக்கிறது என்று படமெடுத்துப் பார்க்க வேண்டி வரலாம் என்றும் சொன்னார். ஏழுமலை பஸ்ஸில் திரும்பி வரும்போது நீலாவதியின் தலையையே பார்த்துக்கொண்டு வந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரி, கனகாம்பரம் கிடைக்காத ஊரில் கிடைத்த ஏதோ பூவை வைத்திருந்தாள். அதற்குள்ளே என்ன இருக்கும்?

அதன் பிறகு அந்த வீட்டில் ஏழுமலையின் பயம்தான் ராஜ்யம் செய்தது. நீலாவதி அடுப்புப் பக்கமே வரக்கூடாது. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது. முறுக்கு முழுவதையும் அவனே பிழிந்து, அவனே பொரித்து, மதியத்துக்கு மேல்தான் கடை திறந்தான். குழந்தை மாடியில் வீட்டுக்கார அம்மாளிடம் போய்விட்டது; வங்காளத்தில் அண்ணி என்ற முறையில் அவளைப் பௌதி என்று கூப்பிட்டார்கள். பௌதி நல்லவள். பிள்ளைகள் பெரியவர்களாகிப் போய்விட்ட வீட்டில் அவளுக்கும் பொழுது போகவேண்டியிருந்தது. ஏழுமலை வீட்டில் இருக்கும்போது, பால் குடிக்க மட்டும் கல்யாணி கீழே வருவாள். அப்போதும் ஏழுமலை எதிரே குந்தி, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பான்.

"நான் இன்னா கொழந்தைய கடிச்சா தின்னுடுவேன்?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவன் கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கு இடுப்புல இருந்தாளே, அதையே நெனச்சிக்கினு இருக்கேன்" என்றான்.

நீலாவதியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அதனால் எதிர்த்துப் பேசவில்லை. அடுப்பும் எண்ணெயும் குழந்தையும் அவள் கண்ணுக்குள்ளும் ஓயாமல் வந்துபோயின. ஆனால் கல்யாணி பேச்சு வரத்தொடங்கி, பௌதியைப் பார்த்து "மா" என்று கையை நீட்டியபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவில்லை.

ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்த ஏழுமலைக்கே பால் கருகும் வாசனை வந்தது. எதிர் டிபன் கடையில் யாரோ பாலைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். அது தெரிவதற்குள் அவன் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் டாலிகஞ்ச்வரை ஓடியிருந்தான். நீலாவதி பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாசலில் நின்றவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்தான். பானைத் தண்ணீர் ஜில்லென்றிருந்தது.

மருந்து போலியாக இருக்குமோ என்ற சந்தேகம் அவனுக்கு அன்றுதான் தட்டியது. தட்டியதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். போலியாக இருந்தால் நல்லதாயிற்றே. வியாபாரி அயோக்கியன், அவள் தலை நல்ல தலை என்று ஆகிவிடும். மனைவிக்கு வாங்கிய மருந்து பொய்யாக இருக்கவேண்டும் என்று காளிக்கு வேண்டிக்கொண்டவன் அந்த ஊரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

சுலோசனா என்று ஒரு பெண் சனிக்கிழமைதோறும் லேக் கார்டன்ஸிலிருந்து முறுக்கு வாங்க வருவாள். ஏதோ ஒரு மருந்துத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சின் நடுவே வங்காளம் வந்து விழும். ஒரு முறுக்கை ஒடித்து, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் மீதியைப் பைக்குள் போடுவாள். அதனாலேயே ஏழுமலைக்கு அவள்மேல் மரியாதை. அவளிடம் ஒரு கைப்பிடி மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, கதையைச் சொன்னான். ஆபீஸுக்குத் தெரிந்தால் சத்தம் போடுவார்கள் என்று அலுத்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். முறுக்கு கேட்கவில்லை.

"போலி இல்லை அண்ணா" என்றாள். "கார்பமாஸெபின்தான். ஒவ்வொரு மாத்திரையிலயும் எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவும் இருக்கு."

ஏழுமலை கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டான். மருந்து நிஜம். அப்படியானால் டாக்டர் சொன்னது நிஜம். மூன்று மூன்றாக நிஜ மருந்தைத் தின்றும் அடங்காத ஒன்று அவள் தலைக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு பேர் வந்து ரிப்பன் பக்கோடா கேட்டார்கள். அவன் காதில் விழவில்லை.

சுலோசனா போகாமல் நின்றாள். அவளுக்கு ஏதோ ஒன்று இடித்துக்கொண்டிருந்தது. மருந்து சரியாக இருக்கிறது, ஆனால் மாத்திரை இருக்கவேண்டிய எடையைவிடக் கூடுதலாக இருக்கிறது என்றாள். அதோடு, ஒன்றைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தாளாம். டீ குடித்து முடிப்பதற்குள் அது உதிர்ந்து மாவாகியிருக்கவேண்டும். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால் போட்டது போட்டபடி கிடந்தது.

"ஆத்துல எங்க வச்சிருக்கேள் இதை?"

"குளிர்ச்சியாத்தான் வச்சிருக்கேன்" என்றான் ஏழுமலை.

"நான் பாக்கணும். இப்பவே."

வழியில் ஒரு மருந்துக் கடையில் நின்று அவள் அதே மாத்திரையில் ஒரு பட்டை வாங்கிக்கொண்டாள். வீட்டில் நீலாவதி தனியாக இருந்தாள். குழந்தை மாடியில் சிரிப்பது கேட்டது. ஏழுமலை பானையருகே குந்தி, மணலை விலக்கி, கலயத்தை எடுத்துத் துணியை அவிழ்த்துக் காட்டினான். அந்த நேரத்திலும் அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. ஒரு மாத்திரையை விரல்களுக்கிடையில் வைத்து அழுத்தி, நமுக்கவே இல்லை பாருங்கள் என்றான்.

சுலோசனா ஈர மணலைப் பார்த்தாள். கலயத்தின் உள்பக்கத்தைத் தடவி, விரலைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு நீலாவதியிடம் இரண்டு டம்ளரில் தண்ணீர் கேட்டாள். ஒன்றில் பட்டையிலிருந்து பிரித்த மாத்திரை, மற்றதில் கலயத்து மாத்திரை. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் டம்ளரில் மாத்திரை ஊறி, வெடித்து, சரிந்து, அடியில் வெள்ளை மாவாகப் படிந்தது. இரண்டாவதில் ஒன்றும் நடக்கவில்லை. ஓரம்கூடக் கரையவில்லை.

நீலாவதி அந்த டம்ளரை எடுத்து ஆட்டினாள். உள்ளே கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. அவள் மற்றொரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்குள்ளயும் இது இப்பிடித்தான் கெடந்துச்சா?"

"கிட்டத்தட்ட" என்றாள் சுலோசனா. "மருந்து அதேதான் மன்னி. ஆனா தண்ணியை உள்ள இழுத்துண்டு வேற மாதிரி படிகமாக் கட்டிண்டுடுத்து. கை ஒடிஞ்சா ஒரு வெள்ளை மாவுல கட்டுப் போடறாளே, அது தண்ணி குடிச்சாத்தானே கல்லாறது? அதே மாதிரி. ஊசி ஊசியா வளர்ந்து ஒண்ணோட ஒண்ணு பின்னிண்டிருக்கு. நான் மைக்ராஸ்கோப்ல பாத்தேன். இது மெதுவாத்தான் கரையும். பாதிகூட ரத்தத்துக்குப் போயிருக்காது."

"கல்லு மாதிரி இருந்திச்சே" என்றான் ஏழுமலை.

"அதுதான் அண்ணா ஈரம்."

ஏழுமலை கையிலிருந்த மாத்திரையைப் பார்த்தான். ஈரம் பட்டால் இளகும் என்பது அவனுக்குத் தெரிந்த உலகம். மாவு, உப்பு, அப்பளம், காகிதம் எல்லாம் அப்படித்தான். ஈரம் பட்டு இறுகுகிற ஒன்றை அவன் ஒவ்வொரு வாரமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறான். காலையும் மாலையும் தன் கையாலேயே அந்த மணலுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறான். அவள் அடுப்பருகே நின்ற அன்றும் தெளித்திருந்தான்.

நீலாவதி எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறாள்.

"என் தல கெட்டுப்போச்சுன்னு நெனச்சியே" என்றாள். "எம்புள்ளைய எங்கிட்டருந்து எடுத்து மாடியில குடுத்தியே. அவ யாரையோ அம்மான்றா."

ஏழுமலை குந்தியபடியே, விலக்கிய மணலை மறுபடி குழியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

சுலோசனா கிளம்பும்போது இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று சொன்னாள். மூன்று மூன்று என்பது கரையாத மாத்திரைக்குச் சொன்ன கணக்கு. டாக்டரைக் கேட்காமல் புதியதை அந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். திங்கட்கிழமை அவர் இருப்பார், அதுவரை கலயத்து மாத்திரை ஒன்று, புதியது ஒன்று என்று ஏதாவது யோசிக்கலாம், நான் விசாரித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்றாள். மழை வலுக்கிறதென்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குச் சாப்பாடானதும் நீலாவதி பட்டையிலிருந்து மூன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் இன்னும் மூன்று. ஏழுமலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சுலோசனாம்மா சொன்னாங்களே என்று ஆரம்பித்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாள் அவன் சொன்னதையெல்லாம் கேட்டாயிற்று. இனி அவளைத் தடுக்க அவனுக்கு எந்த வாயும் இல்லை.

காலையிலேயே அவள் மாடிக்குப் போய்க் குழந்தையை வாங்கி வந்துவிட்டாள். பகல் முழுக்க மடியிலேயே வைத்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஒருதரம் போய் வாந்தி எடுத்தாள், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். சாயங்காலம் மழை விட்டதும் மொட்டைமாடியில் துணி காயப்போடுவதாகச் சொல்லிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஏழுமலை படியடியில் நின்றான். ஏறும்போது ஒன்றும் இல்லை.

இறங்கும்போது பாதிப்படியில் நின்றுவிட்டாள். ஒரு கை சுவரைத் தேடியது. சுவர் இருந்த இடத்துக்கு அந்தக் கை போகவில்லை.

"நீலா" என்றான்.

அவள் மெல்ல, மிக மெல்ல, நின்ற படியிலேயே உட்கார்ந்தாள். குழந்தையை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். தலை லேசாக ஆடியது.

"படி ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள். "நீயும் ரெண்டா நிக்கிற. கொழந்தைய வாங்கு. எதுகிட்ட குடுக்கறதுன்னு தெரியல."

ஓடினால் அவள் பதறிவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தப் படி ஈரமாக வேறு இருந்தது. ஒவ்வொரு படியாக ஏறினான்.

"நான் பேசிக்கினே வரேன். சத்தம் வர்ற பக்கம் நீட்டு. கண்ண மூடிக்கோ. இங்கதான், இங்கதான், இங்கதான் கீறேன்."

அவள் கண்ணை மூடினாள். குழந்தையைச் சத்தத்தை நோக்கி நீட்டினாள். ஒரு சாண் விலகித்தான் நீட்டினாள். ஏழுமலை எட்டிப் பிடித்தான். கல்யாணி விளையாட்டென்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தாள். ஏழுமலை குழந்தையை அணைத்தபடி அதே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். சத்தம் கேட்டுப் பௌதி வெளியே வந்து, ரிக்‌ஷா பிடித்து, அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு கலயத்து மாத்திரை ஒன்றை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தலையில் புதிதாக எதுவும் வளரவில்லை, இது நல்ல மருந்து அளவுக்கு மீறி ஏறிய மயக்கம் என்றார். ஓரிரு நாளில், அவள் கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்ததெல்லாம் மறுபடி ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தது. பழையபடி காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பட்டையிலிருந்து அப்போதப்போது பிரித்துப் போட்டுக்கொள்வது. கலயத்தை ஏழுமலை பாதாள ரயில் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்தான். போட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, அது மூழ்கிவிட்டதா என்று பார்த்தான்.

துர்கா பூஜை நெருங்கிற்று. மழை குறைந்தது. வாசனை வரவில்லை. நீலாவதி மறுபடியும் அடுப்பருகே வந்தாள். குழந்தை மறுபடியும் அவள் இடுப்புக்கு வந்தது. இரண்டுக்கும் ஏழுமலை வாயால் தடை சொல்லவில்லை. ஆனால் அவள் சாரணியை எடுத்தால் அவன் மாவுத் தாம்பாளத்தைக் கையெட்டும் தூரத்துக்கு இழுத்துக்கொள்வான். அவள் மூக்கை உறிஞ்சினால் பிசைகிற கை நிற்கும். அவளுக்கு அது தெரியும். ஜலதோஷம் பிடித்தபோது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முறுக்கு எடுத்தாள்.

ஒருநாள் காலையில் எண்ணெய் காய்ந்திருந்தது. கல்யாணி அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க" என்றாள் நீலாவதி. "பால் கருகுது."

அவன் எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. குழந்தை அவன் கையில் இருந்தது. நீலாவதி எதிர்ச் சுவரில் போய் மோதி நின்றாள். வளையல் உடைந்து முழங்கையில் கீறியிருந்தது. அவன் அவள் கண்ணையே பார்த்தான். எப்போது சொருகும், எப்போது சொருகும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான்.

கண் அவனைத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாடியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "ஏ மா, துத் புடே கேலோ" என்று பௌதி யாரிடமோ கத்தினாள். அப்புறம்தான் அவன் மூக்குக்கும் அது வந்தது. நல்ல, அசல், அடிப்பிடித்த பால்.

நீலாவதி சிரிக்கவில்லை. முழங்கை ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கொழந்தைய குடு" என்றாள்.

அவன் கை இறுகியது.

"இந்த வாசன எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள், நிதானமாக. "நான் சொன்னாத்தான் உனக்குத் தெரியும். சொல்றப்பல்லாம் புள்ளைய புடுங்கி என்னச் செவத்துல அடிச்சின்னா, இனிமே சொல்லமாட்டேன். எது வந்தாலும் சொல்லமாட்டேன்."

இத்தனை மாதங்களில் ஏழுமலை எத்தனையோ பயப்பட்டிருக்கிறான். அடுப்புக்கு, படிக்கு, மருந்துக்கு, மணலுக்கு. இப்படி ஒரு பயத்தை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் வாசனையை முகர்ந்து, வாயை மூடிக்கொண்டு, குழந்தையோடு எண்ணெய்ச் சட்டியருகே நிற்பது அவன் கண்ணில் வந்தது. அதை அவன் கொண்டுவந்துவிடுவான். எதற்குப் பயந்தானோ அதை, மணலுக்குத் தண்ணீர் தெளித்த அதே அக்கறையோடு, தன் கையாலேயே கொண்டுவந்துவிடுவான்.

குழந்தையை அவள் இடுப்பில் வைத்தான். கீழே விழுந்திருந்த சாரணியை எடுத்துக் கழுவி அவள் கையில் கொடுத்தான். தாம்பாளத்தை அதன் பழைய இடத்துக்கு, கதவோரத்துக்கு, இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு, ஆடியிலிருந்து முதல் தடவையாக, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவைப் பிசைந்தான். பின்னால் எண்ணெயில் முறுக்கு விழும் சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை.